எந்த உள்ளாடை நல்லது? யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் மாரிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் ஓர் ஒப்பீடு

பருத்தியா, நைலோனா, மூங்கிலா? கனடாவிலிருந்து மாமி அனுப்பிய பெட்டியில் வந்ததைப் போடலாமா? நவீன சந்தைப் பக்கம் குவித்து வைத்து விற்கும் எக்ஸ்போர்ட் சாமானை நம்பலாமா? யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள், வளர்ந்த பெடியன்களை வைத்திருக்கும் அம்மாக்கள், ஓட்டோ ஓடும் அண்ணைமார் என்று பலர் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டு முடித்ததும் "நான் கேட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று ஒரு வரியும் சேர்ந்து வரும். சரி, யாருடைய பெயரும் இல்லாமல் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் தேடினால் "பருத்தியே சிறந்தது" என்ற பதில் உடனே கிடைக்கும். பொய்யில்லை. ஆனால் அதை எழுதியவர்களில் பலருடைய வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் பத்துப் பேர் இருக்கும் ஒரு வாடகை வீட்டில், துவாய்க்குக் கீழே ஒளித்துக் காயப்போடும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பதில் பாதிதான் பொருந்தும். என் கட்சி இதுதான்: எங்கள் ஊரில் எந்தத் துணி என்பதற்கு முதல், அது எங்கே, எவ்வளவு நேரத்தில் காயும் என்று பார்க்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, ஈரம். தொடை இடுக்கு வெப்பமான, காற்றுப் படாத இடம். அங்கே வியர்வை தேங்கினால் படர்தாமரையை உண்டாக்கும் பங்கசுக்கும், பெண்களுக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும் தரும் கன்டிடாவுக்கும் வசதியாகிவிடும். எந்தத் துணி எவ்வளவு ஈரத்தைத் தனக்குள் எடுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. சாதாரணக் காற்றில் வைத்தாலே பருத்தி நார் தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தை வைத்திருக்கும். மரக்கூழையோ மூங்கில் கூழையோ கரைத்து நூலாக்கும் விஸ்கோஸ் வகைகள் 11 முதல் 13 சதவீதம் வரை எடுக்கும். நைலோனுக்கு அது 4 சதவீதத்தை ஒட்டி வரும். பொலியெஸ்டருக்கு வெறும் 0.4.

இரண்டாவது, காய்கிற வேகம். மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. கூட உறிஞ்சுவது பிந்திக் காயும். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் இதுதான் முதற் கேள்வி.

மூன்றாவது, தோய்ப்பைத் தாங்குமா என்பது. கொதிநீர், இஸ்திரிப்பெட்டி, எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர், மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு தோலோடு ஒத்துப்போகிறதா, ஒரு மாதத்துக்கு எவ்வளவு காசு விழுகிறது, கழித்தெறிந்த பின் எங்கே போகிறது. இந்தக் கடைசி மூன்றையும் ஆளுக்கு ஆள் முன்பின்னாக அடுக்கிக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளாடையின் துணி மட்டும் நோயைக் கொண்டுவருவதில்லை. நீரிழிவு, கர்ப்பம், அன்டிபயோட்டிக் மருந்து ஆகியவை கன்டிடாவைத் தூண்டும். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பக்டீரியா. கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். துணியை மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் மீண்டும் கடைக்குப் போவதில் பயனில்லை, வைத்தியரிடம் போக வேண்டும்.

முழுப் பருத்தி

வைத்தியர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். வியர்வையை எடுக்கும், காற்றை விடும், கொதிநீரையும் இஸ்திரிப்பெட்டியையும் தாங்கும். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை வந்திருந்தால் அந்தக் கடைசி இரண்டும் பெரிய விஷயம். உள்ளாடைகளை 60 பாகை செல்சியஸில், அல்லது 40 பாகையில் வெளிற்றும் பொருள் கலந்த சலவைத்தூளால் தோய்க்கும்படி பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை சொல்கிறது. கிணற்றடியில் வெப்பமானி வைத்தா தோய்க்கிறோம்? கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் வாளிக்குள் கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடும். கையை உள்ளே விடாமல் தடியால் அமுக்கி, அரை மணித்தியாலம் மூடி வைத்தால் போதும். பருத்தி இதைத் தாங்கும்.

மறைந்த செலவு மாரியில் தெரியும். துணி காய்ந்துவிட்டது போலிருக்கும், ஆனால் இடுப்பு மடிப்பையும் கவட்டுத் துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சி ஈரம்தான். அப்படியே மடித்து அலுமாரியில் வைத்தால் இரண்டு நாளில் புளித்த மணம் வரும். பகலிலும் இதே குணம் கஷ்டம் கொடுக்கும். ஓட்டோவின் ரெக்ஸின் இருக்கையில் காலை முதல் மாலை வரை இருப்பவருக்கு, வியர்வையில் ஊறிய தடித்த பருத்தி தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

சூழல் கணக்கிலும் பருத்தி பத்தரை மாற்றுத் தங்கமில்லை. அது தண்ணீரை நிறையக் குடிக்கும் பயிர். பருத்திக்கு நீர் பாய்ச்சியே மத்திய ஆசியாவின் ஏரல் கடல் வற்றிப்போனது. இலங்கையில் பயன்படும் பருத்தியும் ஏறத்தாழ முழுக்க வெளியிலிருந்து வருவதுதான். ஆனாலும் ஒரு ஜட்டி இரண்டு வருடம் உழைத்தால் அந்தத் தண்ணீருக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்.

வளவும் வெயிலும் உள்ள வீட்டுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு, நீரிழிவு உள்ளவர்களுக்கு, அடிக்கடி அரிப்பு வருபவர்களுக்கு இதுவே முதற் தெரிவு.

பருத்தியோடு கொஞ்சம் எலாஸ்டேன்

லேபிளில் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்று போட்டிருக்கும். எலாஸ்டேன் என்பது இழுத்தால் நீண்டு திரும்பும் செயற்கை நார். ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்பதும் இதே பொருள்தான். இன்று கடையில் "கொட்டன்" என்று எடுத்துக் காட்டுவதில் பெரும்பகுதி இந்த வகை. உடம்போடு ஒட்டி நிற்கும், தோய்த்தால் தொய்யாது. மெல்லிய துணியில் தைப்பதால் தடித்த முழுப் பருத்தியை விடச் சீக்கிரம் காயும்.

மறைந்த செலவு அந்த 5 சதவீதத்தில் இருக்கிறது. எலாஸ்டேனுக்குக் கொதிநீர் ஆகாது, குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் அதைவிட ஆகாது, உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் நாளடைவில் செத்துவிடும். வெள்ளைத் துணியை வெளிற்றும்போது உள்ளாடையையும் சேர்த்து ஊறவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இடுப்புப் பட்டி அலை அலையாக நெளிந்து, இழுத்தால் திரும்பாமல் நிற்பது அதன் பலன். இன்னொன்றும் உண்டு. சிலவகை ரப்பர் இலாஸ்டிக்கில் குளோரின் பட்டால் ஒவ்வாமை தரும் இரசாயனம் உருவாகும். இடுப்பைச் சுற்றிப் பட்டி பட்ட வரியில் மட்டும் சிவந்து அரித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோலில் ரப்பர் நேரே படாமல், துணியால் மூடித் தைத்த பட்டியை எடுத்தால் தொல்லை குறையும்.

வேலைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் நாள் முழுக்க இருப்பவர்கள், விடுதியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆண்கள் தொடைவரை நீளும் வகையை எடுத்தால் தோலும் தோலும் உரசாது. பருத்தி 90 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் அதை இந்த வகையில் சேர்ப்பதில்லை.

நைலோனும் பொலியெஸ்டரும்

பளபளப்பு, லேஸ், தையல் தெரியாத வகை, விளையாட்டுக்கு என்று விற்கும் வகை எல்லாம் இதற்குள் வரும். மின்விசிறிக்குக் கீழே இரண்டொரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மாரியில் அது சின்ன வரமல்ல. மெல்லிய சேலைக்குள்ளும் வரி தெரியாது.

ஆனால் வியர்வையை நார் எடுக்காததால் அது தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும். ஒரு மணித்தியாலம் பந்தடிக்கும்போது துணியின் பின்னல் அதை வெளியே கடத்தி ஆவியாக்கிவிடும். பஸ் நெரிசலில் நின்று, கந்தோரில் இருந்து, திரும்பி வரும் பத்து மணித்தியாலத்தில் அந்தக் கெட்டித்தனம் செல்லாது. பொலியெஸ்டரில் வியர்வை நாற்றமும் பருத்தியை விடக் கூடுதலாகத் தங்கும். அதற்குப் போடும் சாயங்களில் சில தோல் ஒவ்வாமைக்குப் பெயர் போனவை, அதிலும் கடும் நீலமும் கறுப்பும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு செலவும் இருக்கிறது. செயற்கைத் துணியைத் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிரும். கிணற்றடித் தண்ணீர் நேரே வாழைக்குப் போகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு இந்தக் குடாநாட்டில் இல்லை, மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. வாளியிலிருந்து ஊற்றுவது அந்த மண்ணில்தான் இறங்குகிறது.

எப்போது நல்லது: விளையாட்டுக்கு, நல்ல நாள் உடுப்புக்கு, மழை விடாமல் பெய்து வேறு எதுவும் காயாத நாளுக்கு. கவட்டில் உள்ளே பருத்தித் துண்டு வைத்துத் தைத்ததாகப் பார்த்து எடுங்கள். போய்வந்த கையோடு கழற்றிவிடுங்கள்.

மூங்கில், மோடல், லயோசெல்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் போவது இங்கேதான்.

மூங்கில் என்றதும் இயற்கை, பச்சை, கிருமி அண்டாது என்று ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. மூங்கில் துணியென்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, சோடியம் ஹைட்ரொக்சைட்டிலும் காபன் டைசல்பைட்டிலும் கரைத்து, மீண்டும் நூலாக இழுக்கிறார்கள். காபன் டைசல்பைட் அந்த ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பைக் கெடுக்கும் நச்சு. இவ்வளவும் கடந்து வரும் நூலில் மூங்கிலின் கிருமி எதிர்ப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009 முதல் இந்த விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022இல் விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக வோல்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்களும் சேர்த்து 55 இலட்சம் டொலர் கட்ட நேர்ந்தது.

இதனால் துணி கூடாதென்று ஆகிவிடாது. தோலுக்கு மெத்தென்று இருக்கும், வியர்வையைப் பருத்தியை விடக் கூட எடுக்கும். ஈரமானால் பலம் குறைவதால் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் நைந்துபோகும், அவ்வளவுதான். கல்லில் அடித்துத் தோய்க்கும் வீட்டுக்கு இது சரிவராது. பீச் மரக் கூழிலிருந்து வரும் மோடல் ஈரத்தில் இதைவிட நன்றாக உழைக்கும். லயோசெல் முறையில் காபன் டைசல்பைட் இல்லை. அதில் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். "பச்சை" என்று சொல்லிக் கூடுதல் காசு கொடுப்பதானால் லயோசெல்லுக்குக் கொடுக்கலாம், மூங்கில் என்ற எழுத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு: தையல் பட்டாலே சிவக்கும் மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிறு இறுக்கம் தாங்காதவர்களுக்கு. மற்றவர்களுக்கு ஆசைக்கு ஒன்றிரண்டு போதும்.

தளர்வான பொக்சர், இரவில் சாறம்

ஆண்களுக்கான கேள்வி இது. விதைப்பை உடம்பை விட 2 முதல் 4 பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் அதன் வேலை ஒழுங்காக நடக்கும். 2018இல் வெளியான ஹாவர்ட் ஆய்வொன்று 656 ஆண்களைப் பார்த்தது. தளர்வான பொக்சர் போடுபவர்களின் விந்துச் செறிவு மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறுக்கமாகப் போட்டவர்களிலும் பெரும்பாலானோர் இயல்பான அளவுக்குள்தான் இருந்தார்கள். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் கவனத்தில் எடுத்தால் போதும்.

பகலில் இறுக்கம் தேவைப்படும் வேலை என்றால் போடுங்கள். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுச் சாறத்துக்கு மாறுங்கள். இரவில் சாறத்துக்குள் வேறொன்றும் தேவையில்லை. இதைவிட மலிவான சுகாதார வழியை நான் அறியேன். பெண்களுக்கு நைட்டியோடும் இதே நியாயம்தான்.

மாதவிடாய் உள்ளாடை

சுருக்கமாகச் சொல்கிறேன். பாட் இல்லாமலே இரத்தத்தைத் தானே உறிஞ்சும் உள்ளாடை இது. பாட் வாங்கும் காசு மிச்சம், குப்பையும் குறையும். ஆனால் பல அடுக்குத் துணி என்பதால் மாரியில் காயவே காயாது, கொதிநீரும் இஸ்திரியும் அதன் நீர்புகா அடுக்கைக் கெடுக்கும். அமெரிக்காவில் திங்ஸ் என்ற கம்பனி தன் உள்ளாடைகளில் பிஃபாஸ் எனப்படும் அழியாத இரசாயனங்கள் இருப்பதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை, குற்றச்சாட்டை ஏற்காமலே, 2023இல் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. பிஃபாஸ் இல்லை என்று எழுதியிருந்தால் வாங்கலாம். சோளகக் காலத்துக்கு நல்லது. மழைக்கு பாட்டைக் கைவசம் வைத்திருங்கள்.

பார்வைக்கு ஓர் அட்டவணை

| வகை | வியர்வை | மாரியில் காய்வது | கொதிநீர், இஸ்திரி | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| முழுப் பருத்தி | நன்றாக எடுக்கும் | மெதுவாக | தாங்கும் | மழையில் கூடுதல் எண்ணிக்கை வேண்டும் | பிள்ளைகள், நீரிழிவு, அரிப்பு உள்ளவர்கள் |
| பருத்தி + எலாஸ்டேன் | நன்றாக எடுக்கும் | நடுத்தரம் | மிதமான சூடு மட்டும் | குளோரின், கடும் வெயிலில் தொய்யும் | வேலை, பயணம், விடுதி |
| நைலோன், பொலியெஸ்டர் | எடுக்காது | மிக வேகம் | கூடாது | நாற்றம், சாயம், பிளாஸ்டிக் இழை | விளையாட்டு, அவசரம் |
| மூங்கில் விஸ்கோஸ், மோடல், லயோசெல் | மிக நன்றாக | மெதுவாக | மிதமான சூடு | விலை. விஸ்கோஸ் தேய்த்தால் நையும் | மெல்லிய தோல் |
| தைத்த பொப்ளின் பொக்சர் | நன்றாக எடுக்கும் | ஓரளவு வேகம் | துணி தாங்கும் | நடக்கும்போது சுருளும் | வீடு, இரவு |

எங்கே வாங்குவது: பெட்டி, குவியல், தையல்

வெளிநாட்டுப் பெட்டியில் வருவது இலவசம் என்று தோன்றும். ஆனால் குளிர் நாட்டுக்கு என்று தடித்துத் தைத்ததும் அதற்குள் இருக்கும். அளவும் பொருந்துவது அரிது, மாமி எங்களைக் கடைசியாகப் பார்த்தது எப்போதோ. இறுக்கமானதை "வீணாக்கக் கூடாது" என்று போட்டு தொடை மடிப்பில் தழும்பு வாங்குவதை விட, அளவானவருக்குப் பொதி பிரிக்காமல் கொடுத்துவிடலாம்.

எக்ஸ்போர்ட் குவியல் வேறு கதை. உள்ளாடை ஏற்றுமதியில் இலங்கை உலகம் அறிந்த நாடு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் எப்படியோ சந்தைக்கு வந்துவிடும். "அக்கா, இது நல்ல சாமான், தோய்ச்சாலும் நிறம் போகாது" என்று தம்பி பட்டியை இழுத்துக் காட்டுவார். அவர் இழுத்துக் காட்டுவதைப் பார்க்காதீர்கள், விட்டதும் முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே புரட்டி, கவட்டுத் துண்டின் தையல் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறதா, கால் சுற்றில் தையல் விட்டுப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கழித்த சாமானில் குறை பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கும்.

லேபிளை வெட்டியிருந்தால் என்ன துணி என்று எப்படித் தெரியும்? ஒன்றை வாங்கி வந்து, தையல் ஓரத்திலிருந்து (தையல் நூலை அல்ல) துணியின் ஓர் இழையை எடுத்து, சிமெந்துத் தரையில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பல் வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றால் செயற்கை. பருத்தியையும் விஸ்கோஸையும் இந்தச் சோதனை பிரிக்காது.

லேபிள் இருந்தால் இரண்டு முத்திரைகளைத் தேடலாம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது 1992 முதல் இருந்து வருவது. துணியில் கேடான இரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று மட்டும் அது சொல்கிறது, இயற்கை விவசாயம் பற்றி ஒன்றும் சொல்லாது. இயற்கை விவசாயத் துணிக்கென்று உள்ள கொட்ஸ் (GOTS) முத்திரையில் குறைந்தது 70 சதவீதம் இயற்கை முறையில் விளைந்த நார் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழியை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பக்கத்துத் தையல் அக்காவிடம் பருத்திப் பொப்ளினில் பொக்சர் தைப்பித்தால் இடுப்புப் பட்டியைத் துணிக் குழாய்க்குள் கோர்த்துத் தருவார். இலாஸ்டிக் தொய்ந்தால் ஓரத்தில் இரண்டு தையலைப் பிரித்து, புதிய இலாஸ்டிக்கை ஊக்கில் குத்தி உள்ளே ஓட்டி மாற்றிவிடலாம். கடையில் வாங்கும் ஜட்டியில் இலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துத் தைத்திருப்பதால், துணி நல்லாக இருக்கும்போதே முழுவதையும் எறிய வேண்டியிருக்கிறது. நீடித்து உழைப்பது என்று பெரிய பேச்சுப் பேசுவதற்கு முதல் இந்தச் சின்ன வேலையைச் செய்து பார்க்கலாம்.

விலையை மாதக் கணக்கில் பாருங்கள். 400 ரூபாய்க்கு வாங்கியது நாலு மாதத்தில் தொய்ந்தால் மாதம் 100. 900 ரூபாய்க்கு வாங்கியது 15 மாதம் உழைத்தால் மாதம் 60.

தோய்ப்பும் கொடியும்

எதை வாங்கினாலும் புதிதைத் தோய்க்காமல் போடாதீர்கள். தினமும் மாற்றுங்கள், வியர்த்து நனைந்தால் நாளில் இரண்டாம் முறையும்.

எங்கள் தண்ணீரில் கல்சியம் கூட. சவர்க்காரம் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பசையாகித் துணியில் தங்கிவிடும். புதிதாக மெத்தென்று இருந்த பருத்தி சில மாதத்தில் விறைத்து, தண்ணீரை எடுக்காமல் போவது இதனால்தான். இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டால் இன்னும் கொஞ்சம் பசை. மாரியில் கூரைப் பீலியால் வழியும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் கடைசி அலசலுக்கு வையுங்கள். மற்ற நாட்களில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசினால் பசை விடும். குளோரின் திரவத்தோடு வினாகிரியை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு உவராக இருந்தால் உப்புத் துணியில் தங்கி, காய்ந்த பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அங்கே கடைசி அலசலுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரைச் செலவழிப்பது வீணல்ல. மெதுமையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். நாரின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

இனிக் கொடி. பெண்பிள்ளைகளின் உள்ளாடையை வெளியில் தெரியக் காயப்போடக் கூடாது என்பது இன்னும் பல வீடுகளில் எழுதாத சட்டம். பாவாடைக்கு அடியில், துவாய்க்குள், குளியலறைக் கதவின் பின்னால். ஆண்களுடையது மட்டும் முற்றத்தில் கொடி கட்டிப் பறக்கிறது! ஒரு அடுக்குக்கு அடியில் கிடக்கும் துணிக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. நல்ல பருத்தியைத் தேடி வாங்கி, அதை ஈரத்திலேயே வைத்திருந்து என்ன பயன்?

மறைப்பு வேண்டுமென்றால் மறைப்பைத் தள்ளிக் கட்டுங்கள். இரண்டு கொடி கட்டி, வெளிக்கொடியில் சேலையோ படுக்கை விரிப்போ, உட்கொடியில் உள்ளாடை, நடுவில் ஓர் எட்டு இடைவெளி. காற்று போகும், வெயிலும் பக்கவாட்டில் விழும். உள்பக்கத்தை வெளியே புரட்டி, கவட்டுத் துண்டு வெயிலைப் பார்க்கப் போடுங்கள். முற்பகல் வெயில் போதும், எலாஸ்டேன் உள்ளதைப் பின்னேரம் வரை விட வேண்டாம். மாரியில் துவாயில் சுருட்டி முறுக்கிப் பிழிந்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். பருத்தியென்றால் கடைசியில் பட்டியைத் தவிர்த்துக் கவட்டுத் துண்டுக்கு மட்டும் இஸ்திரி. நைலோனில் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் உருகிவிடும்.

விடுதிப் பிள்ளைகளுக்கு என் கணக்கு: மெல்லிய பருத்தி எலாஸ்டேன் எட்டு, மழைக்கென்று பருத்தித் துண்டு வைத்த நைலோன் இரண்டு. வளவுள்ள வீட்டுக்கு முழுப் பருத்தி ஆளுக்கு ஏழெட்டு, மாரிக்கு மேலும் நாலு. கறுப்பு ஜட்டியின் கவட்டில் நிறம் வெளிறியிருந்தால் பயப்படாதீர்கள். யோனியின் இயல்பான அமிலத்தன்மை பீஎச் 3.8 முதல் 4.5 வரை, அது சாயத்தை வெளிற்றும். வெளிர் நிறம் எடுத்தால் ஒரு வசதி உண்டு: வெள்ளைப்படுதலின் நிறம் மாறினால் உடனே தெரியும்.

அரிப்பு வந்துவிட்டால் பார்மசியில் கேட்டவுடன் கிடைக்கும் கலவைக் கிறீமைப் பூசாதீர்கள். பலதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பங்கசு அடங்காது, வட்டம் விரிந்துகொண்டே போகும். காலில் பங்கசு உள்ளவர்கள் ஜட்டி போடுவதற்கு முதல் சொக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜட்டி பாதத்தில் உரசி மேலே வருவதால்தான் பலருக்குக் காலில் இருந்தது தொடைக்கு ஏறுகிறது.

எப்போது எறிவது

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எறிய வேண்டும் என்ற விதிக்கு மருத்துவ அடிப்படை இல்லை. பட்டி திரும்பாவிட்டால், கவட்டில் ஓட்டை விழுந்தால், தோய்த்துக் காய்ந்த பிறகும் மணம் போகாவிட்டால் அதன் காலம் முடிந்தது. பருத்தியென்றால் இலாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, கொதிநீரில் ஒருமுறை போட்டு, சைக்கிள் சங்கிலி துடைக்க வைத்துக்கொள்ளலாம். நைலோனையும் பொலியெஸ்டரையும் வீட்டுக் கோடியில் குப்பையோடு போட்டுக் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை வீட்டுக்குள்தான் வரும். அதைப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.